காரை பெயர்ந்த வீட்டுக்கு விலை பேசியபோது

வீட்டுக்காரர் கேட்ட விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நாங்கள் கொடுத்தது 86.5. இரண்டுக்கும் நடுவில் ஏழு வாரம் ஓடியது. பணத்தை முழுக்க இந்த நூற்றுக் கணக்கிலேயே சொல்கிறேன். அப்போதுதான் படிப்பவர்கள் தங்கள் வீட்டுக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

அதற்கு முன்னால், நாங்கள் இழந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய வருடம் இன்னொரு பழைய வீட்டைப் பார்க்கப் போனோம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிடித்ததைக் காட்டிக்கொண்டால் விலை ஏறிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, அறைக்கு அறை குறை சொல்லிக்கொண்டே நடந்தேன். சமையலறை வாசலில் நின்று, "இதை மொத்தமா இடிச்சுட்டுத்தான் கட்டணும்" என்று என் கணவரிடம் சத்தமாகச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இருபது வருஷமா இங்கதாம்மா சமைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

பிறகு விலை பேச உட்கார்ந்தோம். 15 சதவீதம் குறைக்கச் சொன்னோம். "எதுக்கு 15?" என்று அவர் கணவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பழைய வீடு, நிறைய வேலை இருக்கிறது என்று பொதுவாக இழுத்தோம். "பழைய வீடுன்னுதானேம்மா இந்த விலையே சொல்றேன்" என்றார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வாரம் கழித்து ஏற்றிக் கொடுக்கத் தயாரானோம். சொல்லியும் அனுப்பினோம். அவர்கள் எங்களிடம் பேசவே விரும்பவில்லை. நாங்கள் கடைசியாகச் சொன்னதைவிடக் குறைந்த விலைக்கே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகப் பின்னால் தரகர் சொன்னார்.

மனதைப் புண்படுத்தியது ஒரு தவறு. அதைவிடப் பெரிய பாடம் அவர் சொன்ன பதிலில் இருந்தது. பெயின்ட் மங்கியது, தரை தேய்ந்தது, அலமாரிக் கதவு தொங்குவது, குளியலறை அந்தக் காலத்து அமைப்பில் இருப்பது, இவையெல்லாம் விற்பவருக்கும் தெரியும். வந்து பார்த்த எல்லோரும் அதைச் சொல்லியிருப்பார்கள். அந்தக் குறைகளைக் கழித்துவிட்டுத்தான் அவர் விலை சொல்கிறார். அதையே காட்டி இன்னொரு முறை கழிக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வருவது நியாயம். கண்ணுக்குத் தெரியாத குறைகள், அவரே கணக்கில் எடுக்காதவை, அவற்றைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனால்தான் பேச இடம் இருக்கிறது. இரண்டாவது வீட்டில் நாங்கள் செய்தது முழுக்க இதுதான்.

இந்த வீடு ஏறக்குறைய 35 வயதானது. கூரை கான்கிரீட் தளம், சுவர் செங்கல். காற்றும் வெளிச்சமும் தாராளம், அறைகள் பெரியவை. வீட்டுக்காரப் பெரியவர் தனியாக இருந்தார். மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்திருந்தார்.

முதல் தடவை போனபோது வாயைத் திறக்கக் கூடாது என்று நானும் கணவரும் பேசி வைத்துக்கொண்டோம். பெரியவர் காட்டியதைப் பார்த்தோம், கட்டிய கதையைக் கேட்டோம். வீடு முழுக்க பெயின்ட் மங்கிக் கிடக்க, பின்னறைக் கூரை மட்டும் புது வெள்ளையில் பளிச்சென்று இருந்தது. ஒரே ஒரு கூரைக்கு மட்டும் யாரும் காரணமில்லாமல் பெயின்ட் அடிப்பதில்லை. மனதில் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போனோம். மாடியில் தண்ணீர் ஒரு மூலையில் குளமாக நின்றது. மட்டமாகத் தெரியும் மாடிக்கும் நூறடி நீளத்துக்கு ஓரடி இறக்கமாவது இருக்க வேண்டும். அந்த வாட்டம் போய்விட்டால் தண்ணீர் வடிகுழாய்க்கு ஓடாமல் தளத்துக்குள் இறங்கும். குளம் நின்ற இடத்துக்கு நேர் கீழேதான் அந்தப் பளிச்சென்ற பின்னறை.

மூன்றாவது தடவை ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் போனோம். அவருக்குக் கொடுத்த கட்டணம் எங்களுக்கு அப்போது உறுத்தியது. வாங்கப்போவதே உறுதியில்லாத வீட்டுக்கு ஏன் செலவு என்று என் கணவர் தயங்கினார். மொத்தக் கணக்கில் அது 100க்கு 0.1 கூட வராது. ஒன்றை மட்டும் கவனமாகச் செய்தோம்: பெரியவர் கேட்கும் விலையைப் பொறியாளரிடம் சொல்லவே இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1987-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வீட்டை, ஒரே விவரங்களோடு, கேட்கும் விலையை மட்டும் மாற்றி மாற்றி எழுதி, வீட்டுத் தரகர்களிடம் காட்டி மதிப்புச் சொல்லச் சொன்னார்கள். கூடிய விலையைப் பார்த்தவர்கள் கூட்டிச் சொன்னார்கள், குறைந்ததைப் பார்த்தவர்கள் குறைத்துச் சொன்னார்கள். கேட்ட விலையைப் பார்த்து முடிவு செய்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் அவர்களில் மிகச் சிலரே. தொழில் தெரிந்தவர்களுக்கே இப்படியென்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவராவது அந்த எண்ணைக் கேட்காமல் கணக்குப் போடட்டும் என்று நினைத்தோம்.

பொறியாளர் செய்தவற்றை விவரமாகச் சொல்கிறேன். பாதி வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஒரு சின்னச் சுத்தியலால் கூரையை அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. பின்னறையிலும் அதை ஒட்டிய குளியலறையிலும் பொத்துப் பொத்தென்று கேட்டது. பூச்சு கான்கிரீட்டை விட்டுப் பிரிந்திருக்கிறது, உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம் என்றார். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை, பி.எச். என்ற அளவுகோலில் 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி எளிதில் துருப்பிடிக்காது. வருடக் கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஏற ஏற அந்தக் காரம் குறைகிறது. அப்புறம் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருவாக ஆரம்பிக்கும். துரு, தான் உருவான இரும்பைப்போல் 2 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டைக் கீழே தள்ளிவிடும். காரை பெயர்ந்து விழுவது இப்படித்தான். பெரியவரிடம் அனுமதி கேட்டு ஒரு கையகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்துப் பார்த்தார். கம்பி பழுப்பேறி, தோல் தோலாக உரிந்தது.

விரிசல்களில் நான் பயந்தவை வேறு, அவர் கவலைப்பட்டவை வேறு. கூடத்துச் சுவரில் சிலந்தி வலை மாதிரி இருந்ததை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பூச்சு மட்டும் காய்ந்து வெடித்தது என்றார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பிய ஒன்றின் அகலத்தை அளந்தார். பிரிட்டனின் பி.ஆர்.இ. என்ற கட்டட ஆராய்ச்சி அமைப்பு விரிசல்களை அகலத்தை வைத்துத் தரம் பிரித்திருக்கிறது. 1 மில்லிமீட்டர் வரை பூச்சோடும் பெயின்டோடும் முடிகிற விஷயம். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கொத்தனார் கைவைக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சுவரில் ஒரு பகுதியையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். எங்களுடையது 2 மில்லிமீட்டர். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். பேச்சு முடியும்வரை அது நீள்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நீளவில்லை. நீண்டிருந்தால் அஸ்திவாரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதற்கும் மேலே ஈரம் தெரிந்தால் குழாய்க் கசிவையோ மழைநீரையோ சந்தேகப்பட வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தோம். ஓடவில்லை. இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்தபோது ஒன்றில் தண்ணீர் நூலாகிவிட்டது. பழைய இரும்புக் குழாய்க்குள் துரு அடைத்திருந்தது. கழிவறையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தோம். ஊற்றிய அளவு வந்து சேரவில்லை. மீதி எங்கேயோ மண்ணுக்குள் போகிறது.

மின்சாரப் பெட்டியைத் திறந்தபோது பாதி அறைகளுக்கு எர்த் வயரே இல்லை. பின்பக்கக் கொட்டகையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடந்தது. அதை உடைத்தாலோ அறுத்தாலோ கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு; தெரிந்தவர்களைக் கொண்டு நனைத்து, உடைக்காமல் எடுக்க வேண்டும். அதற்கும் ஒரு செலவு எழுதிக்கொண்டோம்.

அப்புறம் மதிப்பீடு. மூன்று கான்ட்ராக்டர்களிடம் கேட்டோம். இரண்டு பேர் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொன்னார்கள். வேலைக்கு ஆள் பிடிக்க அது உதவலாம், விலை பேச உதவாது. தளத்துக்கு எவ்வளவு, வயரிங்குக்கு எவ்வளவு, கழிவுநீர்க் குழாய்க்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டோம். மூன்றாமவர் மட்டும் தந்தார். ஒரு வேலை இன்னொரு வேலையை இழுத்து வருவதை அவருடைய பட்டியலில்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன். வயரிங் மாற்ற வேண்டுமென்றால் சுவரை வெட்ட வேண்டும். வெட்டினால் பூச வேண்டும். பூசினால் காயவிட்டுப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். தளத்தைப் பழுது பார்ப்பதும் அப்படித்தான்: முதலில் மாடிக்கு வாட்டம் கொடுத்துத் தண்ணீரை நிறுத்த வேண்டும், பிறகுதான் கீழே சிதைந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து அடைக்க வேண்டும். மேலே நிறுத்தாமல் கீழே பூசினால் இரண்டு மழைக்காலத்தில் மறுபடி விழும். பெரியவர் அப்படித்தான் பூசியிருந்தார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அதே தெருவில், ஏறக்குறைய அதே அளவில், குடியேறத் தயாராக இருந்த இரண்டு வீடுகள் அந்த வருடம் விற்றிருந்தன. அவற்றின் விலை எங்கள் கணக்கில் 112. பெரியவர் கேட்டது 100. ஆக, கண்ணுக்குத் தெரிந்த குறைகளுக்காக அவரே 12 விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த வேலைகளை, அதாவது பெயின்ட், தரை, சமையலறை, கதவு ஜன்னலை, நாங்கள் விலை கேட்டதில் 10 வந்தது. அவர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். தெரியாத குறைகள்: தளத்துக்கு 5, வயரிங்குக்கு 3, குழாய்களுக்கும் கழிவுநீர்ப் பாதைக்கும் 3. மொத்தம் 11. இரண்டும் சேர்த்து 21. பழைய வீட்டைத் திறந்தால் உள்ளே எதிர்பாராதது இருக்கும் என்பதால் 10 முதல் 20 சதவீதம் ஒதுக்குவது வழக்கம். நாங்கள் 3 ஒதுக்கினோம். ஆறு மாதம் வேலை நடக்கும்போது வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்து போகும், அதற்கு 3. 112-லிருந்து 27 போனால் 85.

வாங்கிச் சரிசெய்து விற்பவர்கள் இதைவிடக் கறாராகக் கணக்குப் போடுவார்கள். முடித்த வீட்டின் விலையில் 70 சதவீதம் எடுத்து, அதிலிருந்தும் பழுதுச் செலவைக் கழிப்பது அமெரிக்காவில் அவர்களிடையே பிரபலமான ஒரு விதி. அதில் அவர்களின் லாபமும் அடக்கம். குடியிருக்க வாங்குகிறவர்கள் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு போனால் நல்ல வீடு எதுவும் அமையாது என்பது என் கருத்து. எங்களுக்கு இந்த வீடு பிடித்திருந்தது. பிடித்ததற்கு 2 சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். 87. அதற்கு மேல் 0.1 கூடக் கிடையாது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தோம். எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மனசு இளகும்; தாள் இளகாது.

முதலில் என்ன விலை சொல்வது? கேட்ட 100-லிருந்து தெரியாத குறைகளுக்கு 11, ஒதுக்கீடு 3, காலச் செலவு 3 கழித்தால் 83. அதையே சொன்னோம். 80 என்று முழு எண்ணாகச் சொல்லி மேலே ஏறலாமே என்று தரகர் யோசனை சொன்னார். முழு எண்ணைக் கேட்கிறவர் அதை வாய்க்கு வந்த எண் என்று நினைப்பார். துல்லியமான எண்ணுக்குப் பின்னால் கணக்கு இருப்பதாக எதிராளி எடுத்துக்கொள்கிறார், பதில் விலையையும் அதை ஒட்டியே சொல்கிறார் என்று 2013-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எங்கள் எண்ணுக்குப் பின்னால் உண்மையிலேயே கணக்கு இருந்தது, அதைப் பெரியவர் முன்னால் விரித்து வைக்கவும் முடிந்தது.

விலை பேசப் போன அன்று முதலில் வீட்டில் எங்களுக்குப் பிடித்ததைச் சொன்னேன். கூடத்தின் உயரம், காலை வெளிச்சம், அவர் தேர்ந்தெடுத்து இழைத்த வாசல் கதவு. முகத்துதிக்குச் சொல்லவில்லை, எனக்கு உண்மையில் பிடித்தவை அவை. பெயின்ட், தரை, சமையலறை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பொறியாளரின் அறிக்கையையும் கான்ட்ராக்டரின் பட்டியலையும் அவர் கையில் கொடுத்தேன்.

"அய்யா, வெளியே தெரியிற வேலையெல்லாம் உங்க விலையிலேயே கழிச்சிருக்கீங்க. அது எங்களுக்குப் புரியுது. அதைப்பத்தி நாங்க பேசல. இந்த மூணு விஷயம் மட்டும் உங்க கணக்குல வந்திருக்காதுன்னு நினைக்கிறோம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் படித்தார். நான் பேசாமல் இருந்தேன். அந்தப் பத்து நிமிடம் வாயை அடக்குவதுதான் எனக்கு ஏழு வாரத்திலும் கடினமான வேலை.

"கூரை ஒழுகுனது தெரியும்மா. கம்பி இப்படிப் போயிருக்கும்னு தெரியாது" என்றார். பிறகு 97 சொன்னார்.

அடுத்த சந்திப்பில் அவரே ஒரு வழி சொன்னார்: "விலையை விடுங்க, தளத்தை நானே ரிப்பேர் பண்ணிக் குடுத்துடறேன்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. மரியாதையாக மறுத்தோம். விற்றுவிட்டுப் போகிறவர் யாராக இருந்தாலும் சீக்கிரமாகவும் குறைந்த செலவிலும் முடிக்கத்தான் பார்ப்பார். பூசி மூடியபின் உள்ளே என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. "உங்களுக்கு எதுக்கு அய்யா இந்த வயசுல ஆள் பிடிச்சு மேய்க்கிற கஷ்டம், அதை நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னோம். அதுவும் உண்மைதான்.

நாங்கள் 84.5 என்றோம், அவர் 94 என்றார். அங்கேயே நின்றது. மூன்று வாரம் ஒரு பேச்சும் இல்லை. தினமும் இரவு, தாளில் இருக்கும் 87-ஐ 90 ஆக்கிவிடலாமா என்று நான் கேட்பேன், என் கணவர் கணக்கை எடுத்து வைப்பார். அந்த நாட்களில்தான் கடன் விஷயத்தையும் நிதானமாகப் பார்த்தோம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. வங்கி பெரும்பாலும் வீடு இன்றைக்கு இருக்கும் நிலைக்குத்தான் கடன் தரும், பழுதுபார்க்கும் பணம் கையிலிருந்து போக வேண்டும். விலையில் 80 சதவீதம் கடன் என்றால், விலை 1 குறையும்போது கைக்காசில் மிச்சமாவது 0.2 மட்டுமே. பழுதுச் செலவில் 1 என்பது முழுதாக 1. விலையில் 11 குறைத்துவிட்டோம், அதை வைத்துத் தளத்தையும் வயரிங்கையும் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். கையில் அப்போது மிஞ்சுவது 2.2 தான். இது தெரிந்ததும், சமையலறையையும் தரையையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தோம். முதலில் தளம், குழாய், வயரிங் என்று வரிசை போட்டோம்.

பெரியவரே அழைத்தார். இன்னொருவர் வந்து பார்த்திருக்கிறார், அவர் அழைத்து வந்த ஆளும் கூரையைத் தட்டிப் பார்த்து அதையேதான் சொல்லியிருக்கிறார். "88 குடுங்கம்மா, முடிச்சுக்கலாம்" என்றார். நாங்கள் 86 என்றோம். அவருக்கு விலையைத் தவிர வேறென்ன வேண்டும் என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மகள் வீட்டில் அவருக்கான அறை தயாராக இரண்டு மாதம் ஆகும், அதுவரை எங்கே போவது என்று அவருக்குக் கவலை. பத்திரம் பதிந்து பணம் முழுதும் கொடுத்த பிறகும் இரண்டு மாதம் வாடகையில்லாமல் அவர் இங்கேயே இருக்கட்டும், அந்த நேரத்தில் மாடியில் வாட்டம் போடும் வேலையை மட்டும் நாங்கள் வெளிப்படிக்கட்டு வழியாகச் செய்துகொள்கிறோம் என்றோம். அவர் முகம் தெளிந்தது. 86.5-ல் கைகொடுத்தார்.

சரி, கைகொடுத்தால் போதாது. ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுதினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டோடு வரும் பொருட்கள் ஒவ்வொன்றாக, அந்த வாசல் கதவு உட்பட, இரண்டு மாதம் முடிந்து சாவி தரும் தேதி, தாண்டினால் நாளுக்கு எவ்வளவு, பத்திரத்தில் ஏதாவது சிக்கல் வந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ முன்பணம் எத்தனை நாளில் திரும்பி வரும். வழக்கறிஞர் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.

வேலை எட்டு மாதம் இழுத்தது. தளத்துக்கும் வயரிங்குக்கும் போட்ட கணக்கு ஏறக்குறையச் சரியாக வந்தது. குளியலறைத் தரையை உடைத்தபோதுதான் அடியிலிருந்த மண் முழுக்கச் சேறாக இருந்தது தெரிந்தது. ஒதுக்கி வைத்த 3 அதில் தீர்ந்து, மேலும் 1 போனது. எல்லாம் சேர்த்தால் தெருவில் தயாராக இருந்த வீட்டை 112-க்கு வாங்கியிருந்ததைவிட எங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகியிருக்கிறது. அந்த வீடுகளின் சுவருக்குள் என்ன வயர் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது, என் வீட்டில் ஓடுவது தெரியும்.

சாவி கொடுத்த அன்று பெரியவர் ஒரு பழைய கோடு போட்ட நோட்டையும் கொடுத்தார். வீடு கட்டிய நாளிலிருந்து எந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது, எந்த வருடம் எதை மாற்றினார் என்று பென்சிலில் படம் போட்டு வைத்திருந்தார். குளியலறையை உடைத்த அன்று, கழிவுநீர்க் குழாய் உடைந்த இடத்தைத் தேட நடைபாதை முழுவதையும் தோண்ட வேண்டும் என்று பிளம்பர் சொன்னார். நோட்டை எடுத்துக் காட்டினேன். குழாய் எங்கே வளைகிறது என்று அதில் சுவரிலிருந்து அடிக்கணக்கோடு குறித்திருந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் மூன்றடிக்குத் தோண்டினோம். இணைப்பு அங்கேதான் விட்டிருந்தது.